சோளத்தானின் மூச்சு

கோக்-ஓருக் கிராமம், பத்கென் பக்கம்
1997 ஜனவரி 8

பெரிய மனுஷருக்கு,

உன் அண்ணி தில்லாகான் எழுதுவது. எழுத்து கோணலாகத் தெரிந்தால் காகிதத்தைத் திருப்பிப் பிடி. அப்போதும் கோணலாகத்தான் இருக்கும், உனக்குக் கொஞ்சம் பொழுது போகும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்தவர்கள்.

போன ஏப்ரலில் போனவன் நீ. ஒன்பது மாதத்தில் ஒரு பிள்ளையே பிறந்துவிடும், உன்னிடமிருந்து ஒரு காகிதம் வரவில்லை. ரயிலில் டீ கொடுக்கிற மம்மாசாலிதான் விலாசம் கொண்டுவந்தான். "உங்க கொழுந்தன் சைபீரியாவுல மேல் கோடியில இருக்கான்க்கா. அதுக்கு மேல பூமி கிடையாது" என்றான். "கீழ விழாம யாராச்சும் கட்டிப் போட்டிருக்காங்களா?" என்று கேட்டேன். "பனியே பிடிச்சு வெச்சுக்கும்" என்றான்.

இங்கே எல்லோரும் நலம். உன் அண்ணன் நலம். அவருடைய இடது கையில் மிச்சமிருக்கிற மூன்று விரலும் நலம். போன இரண்டும் போன இடத்தில் நலமாக இருக்கட்டும்.

சோளத்தான் மேட்டில்தான் இருக்கிறான். தார்ப்பாய் போர்த்தியிருக்கிறது. அதற்குள் ஒரு பூனை குட்டி போட்டு, அதுகள் பெரிதாகி, இப்போது அதுகளும் போடப் போகிறது. விமானத் திடலை மூடினபோது மற்றவர்களெல்லாம் சம்பளத்துக்குப் பதிலாகச் சர்க்கரை மூட்டை, கம்பளி என்று வாங்கிவந்தார்கள். நீ சோள வயலுக்கு மருந்தடித்துத் திரிந்த அந்தச் சோளத்தான் விமானத்தின் இன்ஜினையும் விசிறியையும் டிராக்டரில் கட்டி இழுத்துவந்தாய். உன் அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதை அவிச்சுத் திங்கறதா, வறுத்தா?" என்று கேட்டது நினைவிருக்கிறதா?

ஆனால் அந்த முதல் வசந்தத்தில், பருத்தி வண்டி மேல் அதை ஏற்றி நீ ஓட்டினபோது, சுற்றுவட்டாரத்தில் நம் ஊர் ஆப்ரிகாட் பூ மட்டும் உறைபனியில் கருகவில்லை. அதற்குப் பிறகு ஊருக்கு ஆசை விட்டதா? கோதுமை தூற்றித் தா என்றார்கள். நீயும் தூற்றினாய். பதர் நம் களத்தில் விழுந்தது, கோதுமை தாஜிக் பக்கம் போய் விழுந்தது, பாஸ்போர்ட் இல்லாமல். அய்தார் வீட்டுக்காரி இன்னும் எல்லையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள்.

போன வசந்தத்தில் வண்டியைக் கட்டின கம்பி உன் அண்ணன் விரலை வாங்கிக்கொண்டது. இன்ஜின் பாதியில் அணைந்தது. பூ மொத்தமும் போயிற்று. நீயும் போனாய். நான்கில் எதைப் பற்றியும் உன் அண்ணன் பேசுவதில்லை. உன் பேச்சை எடுத்தால் எழுந்து ஆட்டைப் பார்க்கப் போகிறார். ஒரு நாளைக்கு நாலு தடவை போகிறார். ஆட்டுக்கே கூச்சமாக இருக்கிறது.

மார்ச் கடைசியில் மொட்டு விடும். இந்த வருஷமும் கருகினால் ஊரில் பாதிப் பேர் மரத்தை வெட்டிப் பருத்தி போடப் போகிறேன் என்கிறார்கள். நீ வா. வர மாட்டாய் என்றால் சோளத்தானை எப்படி எழுப்புவது என்றாவது எழுது.

தில்லாகான்


நாதிம் ஊருக்கு வடக்கே
1997 ஜனவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். இன்று வெளியே நாற்பத்து மூன்று டிகிரி குளிர். பூஜ்யத்துக்குக் கீழே.

எனக்கு வேலை, குழாய் வழியாக காஸ் தள்ளுகிற நிலையத்தில். தள்ளுவது விமான இன்ஜின்கள். பெரிய விமானங்களில் பறந்து நேரம் முடிந்து கழற்றியவை. எட்டுக் கொட்டகைகளில் எட்டு இன்ஜின்கள். இறக்கை கிடையாது. நின்ற இடத்திலேயே நின்று இரவும் பகலும் ஓடுகின்றன. எனக்கு அவற்றோடு ஒத்துப் போகிறது.

ஐந்து வருஷ ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் முப்பதுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் சொந்தமாக ஓர் அறை. போட்டால் ஊர்ப் பக்கம் வருவதை மறந்துவிட வேண்டியதுதான்.

இன்ஜினை எழுப்பும் முறை: ஒன்பது சிலிண்டர், பூப் போல வட்டமாக இருக்கும். கீழ்ப் பக்கத்துச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கியிருக்கும். அப்படியே கிளப்பினால் உள்ளே தண்டு ஒடியும். முதலில் விசிறியைக் கையால் பன்னிரண்டு பிடி சுற்ற வேண்டும். கையில் கெட்டியாகத் தடுத்தால் முரட்டுத்தனம் கூடாது, கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடியவிட வேண்டும். எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் ஒரு மணி நேரம் அடுப்பு. கார் பெட்ரோல்தான் ஊற்றுவீர்கள், அதனால் பாதிக்கு மேல் லீவரைத் தள்ளக் கூடாது. பனி வருகிற நாளில் குளிர் பள்ளத்தில் தங்கும், சூடு மேலே நிற்கும். மேலே இருப்பதைக் கீழே கலக்கிவிட்டால் போதும். கால் பங்கு வேகமே போதும். பூனையை முதலில் வெளியே எடுங்கள்.

வருவதைப் பற்றி. அண்ணி, அன்று நடந்தது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வாய்க்கால் பக்கம் இருந்தீர்கள். வண்டிக்குப் பக்கத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்த அண்ணன்தான் "மூச்சு, மூச்சு" என்று கத்தினார். திடலில் மூச்சு என்றால் லீவரைத் தள்ளு என்று அர்த்தம். அவருக்கும் தெரியும். தள்ளினேன். வண்டி நகர்ந்தது, கம்பி இறுகியது. ஆஸ்பத்திரியில் எல்லோர் முன்னாலும் அவர் சொன்னது: "நான் வாயே தொறக்கல. நிறுத்தச் சொல்லிக் கை தூக்கினேன், இவன் வேணும்னே வேகத்தைக் கூட்டிட்டு இப்பப் பொய் சொல்றான்."

சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த ரயிலில் வருகிறேன்.

எர்கேஷ்


கோக்-ஓருக்
பிப்ரவரி 13

பெரிய மனுஷருக்கு,

கடிதம் வந்தது. பூனையை எடுத்தாயிற்று. என் கையில் நாலு கோடு போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தது.

இன்றைக்கு நிறைய எழுத மாட்டேன். மாவு பிசைந்து வைத்திருக்கிறேன், பொங்கி வழிகிறது. ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு உன் காதில் விழுந்தது சரியாக என்ன? "மூச்சு" மட்டுமா? பின்னால் வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்ததா? எத்தனை தடவை? குரல் கட்டையா, கீச்சா? யோசித்து எழுது. சண்டைக்காகக் கேட்கவில்லை.

எதற்கு என்று கேட்காதே. பெண் பிள்ளைகள் சும்மாவே கேட்போம்.

உன் அண்ணன் ஆட்டைப் பார்க்கப் போயிருக்கிறார்.

தில்லாகான்


நாதிமுக்கு வடக்கே
பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறே வரிக் கடிதம் உங்களிடமிருந்து வந்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். யாருக்கு என்று எழுதுங்கள்.

கேட்டதற்குப் பதில். மூன்று தடவை. "மூச்சு வா" என்று ஏதோ வந்தது. மீதியை இன்ஜின் தின்றுவிட்டது. "மூச்சு வரட்டும்" என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். குரல் கட்டையாகக் கரகரவென்று இருந்தது. அண்ணன் குரலேதான். நம் வீட்டில் அப்படிக் கரகரப்பு வேறு யாருக்கு?

இதை எத்தனை தரம் கேட்டாலும் என் பதில் மாறாது.

எர்கேஷ்


கோக்-ஓருக்
மார்ச் 14

எர்கேஷின் அண்ணி எழுதுகிறேன்,

பார், உன் பெயரையே எழுதிவிட்டேன். கொழுந்தன் பெயரும் சொல்லக் கூடாதுதான், ஆனால் சின்னவன் பெயரை எழுதினால் வானம் இடிந்து விழாது, ஊருக்குச் சொல்லாதே.

கத்தினது உன் அண்ணன் இல்லை. நான்.

உனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனால்தான் எனக்குத் தைரியம் வரும். உன் அப்பா பெயர் மருமகள் என் நாக்கில் வரக் கூடாது. அவர் போய்ப் பன்னிரண்டு வருஷமாகியும் வரக் கூடாது. பெயரோடு போனால் பரவாயில்லை, அந்தப் பெயருக்குள் இருக்கிற சொல்லும் கூடாது. அது என்ன சொல்? ஓடுகிற கழுதையிடம், போகிற பஸ்ஸிடம், விடாமல் அழுகிற பிள்ளையிடம் ஊரே சொல்கிற சொல். என் ஒருத்திக்கு மட்டும் அது கிடையாது.

கல்யாணமான மூன்றாம் நாள் கன்றுக்குட்டி அறுத்துக்கொண்டு ஓடியது. பின்னாலேயே ஓடினேன். என்ன சொல்லிக் கத்துவது? வாயில் வந்தது "மூச்சு வாங்கு, மூச்சு வாங்கு". கன்று கேட்கவில்லை. உன் அப்பா கேட்டார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "நல்ல மருமக வந்திருக்கா" என்றார். நீ ஒன்பது வயதுப் பெரிய மனுஷன், வேலியில் உட்கார்ந்து நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து இருபத்து நாலு வருஷம். பத்கென் பஸ்ஸில் நான் "மூச்சு வாங்கு" என்றால் டிரைவர் பிரேக் போட்டு, "வாங்கிட்டேன், எறங்குங்க" என்பான்.

அன்றைக்கு வாய்க்கால் பக்கத்திலிருந்து பார்த்தேன். வண்டியைக் கட்டியிருந்த முளை மண்ணைவிட்டு மேலே வருகிறது. உன் அண்ணன் கை கம்பி வளையத்துக்குள் இருக்கிறது. எனக்கு வேறு என்ன வரும்? என்னிடம் இருக்கிற சொல்தான் வந்தது. மூன்று தடவை. நீ திடலில் படித்த மூச்சு வேறு, நான் கன்றுக்குட்டியிடம் படித்த மூச்சு வேறு என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் கத்தினதே உனக்குக் கேட்கவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்த பிறகு அந்த வாரம் மூன்று தடவை ரொட்டியைக் கருக விட்டேன். உன் அண்ணன் கருகினதைச் சுரண்டிச் சாப்பிட்டார்.

கரகரப்பு வேறு யாருக்கு என்று கேட்டிருந்தாய். இருபத்து நாலு வருஷம் ஒரு மனுஷனோடு சேர்ந்து கத்தினால் குரலும் அவர் மாதிரி ஆகிவிடும் போல.

அப்புறம் போய் உன் அண்ணனிடம் சொன்னேன். மரத்தடிகளுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்.

"கைக்குக் கொஞ்சம் ஓய்வு குடுங்க, ஒண்ணு சொல்லணும்."

"சுண்ணாம்பு காஞ்சிரும். சொல்லு."

சொன்னேன். பிரஷ் கீழே இறங்கவில்லை. அந்த மரத்தை முடித்தார். அடுத்த மரத்துக்குப் போய் அதையும் முடித்தார். எனக்குப் பதில் வருமா, தோட்டம் முழுக்க வெள்ளையடித்த பிறகுதான் வருமா என்று தெரியவில்லை.

"அப்ப அவன் காதுல மூச்சுன்னுதான் விழுந்திருக்கு."

"விழுந்திருக்கு."

"ஆஸ்பத்திரியில நான் அவனைப் பொய்யன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"எத்தனை பேர் இருந்தாங்க அன்னைக்கு?"

"பதினாலு. நர்ஸைச் சேத்தாப் பதினஞ்சு."

"பதினஞ்சு பேர்கிட்டயும் போய்ச் சொல்லணும்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் தொப்பியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒவ்வொரு வீடாகப் போகிறார், ஒரு கிண்ணம் டீ குடிக்கிறார், "என் தம்பி பொய் சொல்லல, நான் சொன்னது தப்பு" என்று சொல்கிறார், எழுந்து வருகிறார். வேறு எதுவும் பேசுவதில்லையாம். அய்தார் வீட்டில் ஏதோ சாவுச் செய்தி கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டார்கள். இன்றோடு ஒன்பது வீடு முடிந்தது. நர்ஸ் ஜலாலாபாத்துக்கு மாறிப் போய்விட்டாள். அவளுக்கு என்ன செய்வது என்று யோசிக்கிறார்.

ஊர் என்னை ஒன்றும் சொல்லவில்லை என்று எழுத ஆசை. சொல்கிறார்கள். புருஷன் விரலைத் தின்ற நாக்கு என்று கிணற்றடியில் யாரோ சொன்னதாகக் கேள்வி. நானும், "ரெண்டுதானே தின்னேன், மிச்சம் எட்டு இருக்கு, அடுத்த நோன்பு முடியட்டும்" என்று சொல்லி அனுப்பினேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டால் அடுத்த ரயில் என்று எழுதியிருந்தாய். எடுத்துக்கொண்டாயிற்று. ஒரு வாரமோ பத்து நாளோ, மொட்டு வெடித்துவிடும்.

தில்லாகான்


நாதிமுக்கு வடக்கே
மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு முதல் இரண்டையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் அந்தச் சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. நில், நிற்க, நின்றது, எதுவும் இல்லை. நான் என் கடிதத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேனோ. அப்பாவுக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை, இதாவது நிற்கட்டும் என்று, அதே அர்த்தத்தில் டொக்தோசுன் என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒரு பெயருக்காக நீங்கள் எத்தனை சொற்களைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள் என்று அந்த வீட்டிலேயே வளர்ந்தும் எனக்கு உறைக்கவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கிணற்றடியில் பேசியவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

மீதி வீடுகளுக்கு அண்ணன் போக வேண்டாம். உடனே தடுத்துவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

திடலில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று உண்டு. இன்ஜின் ஓடும்போது காதை நம்பாதே, கையைப் பார். யார் என்ன கத்தினாலும் லீவரில் இருப்பவன் முன்னால் நிற்பவன் கையை மட்டும்தான் பார்க்க வேண்டும். பத்து வருஷம் நான் அப்படித்தான் வேலை செய்தேன். புதிதாக வந்தவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன்.

அன்று அண்ணன் கையைத் தூக்கினார். வலது கை, ஐந்து விரலும் விரித்து. நிறுத்து என்று அர்த்தம். நான் பார்த்தேன், அண்ணி.

பார்த்தேன், மூச்சு என்ற சத்தமும் கேட்டது. இரண்டில் எனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டேன். வேலி ஓரமாக ஊரே நின்றுகொண்டிருந்தது. கோதுமைக் கதையைச் சொல்லி அதுவரை சிரித்துக்கொண்டிருந்தார்கள். சோளத்தானுக்கு எவ்வளவு பலம் என்று ஒரு தடவையாவது முழுசாகக் காட்ட வேண்டும் போல இருந்தது. யாரோ மூச்சு என்றது எனக்கு வசதியாகப் போயிற்று.

அதற்குப் பிறகு அண்ணன் பொய் சொல்கிறார் என்று ஒரு வருஷம் கோபப்பட்டேன். கோபம் இருக்கிற வரை இதை யோசிக்கத் தேவை இருக்கவில்லை. இப்போது அவர் வீடு வீடாகப் போய்த் தன் மேல் போட்டுக்கொள்கிறார் என்று எழுதுகிறீர்கள். நான் எந்த முகத்தோடு அந்த ரயிலில் ஏறுவது? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகிறேன்.

பூவுக்கு நீங்களே ஓட்டுங்கள். நீங்கள் லீவரில் உட்காருங்கள். வேறு யாரையும் உட்கார வைக்காதீர்கள். அண்ணன் வண்டிக்கு முன்னால் தள்ளி, வலப்பக்கமாக, உங்கள் கண்ணில் படும் இடத்தில் நிற்கட்டும். முளைகளை மாற்றி இரண்டு மடங்கு ஆழமாக அடிக்கச் சொல்லுங்கள். ஒரு விரல் கால் பங்கு. இரண்டு விரல் பாதி. விரித்த கை, லீவரை முழுக்க இழு. கை காட்டியது புரியாவிட்டால் குறையுங்கள். குறைத்துத் தவறு செய்த யாராலும் எவருக்கும் விரல் போனதில்லை.

எர்கேஷ்


கோக்-ஓருக்
ஏப்ரல் 14

பெரிய மனுஷருக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்கு நான் படித்துக் காட்டினேன். கண்ணாடி கிடைக்கவில்லை என்றார். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது.

கையைப் பார்த்தேன் என்று நீ எழுதின இடம் வந்ததும் நான் மெல்லப் படித்தேன். கேட்டுவிட்டு, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பாத்தான்னு தெரியும். என் முகத்தப் பாத்துக்கிட்டேதான் தள்ளினான். வேற எதுக்கு ஒரு வருஷம் பேசாம இருந்தேன், விரலுக்கா?"

"அப்ப அந்தப் பதினஞ்சு வீடு?"

"அது வேற. பொய்யன்னு சொன்னது தப்பு, அதுக்குப் போனேன். இது அவன் சொல்ல வேண்டியது. சொல்லிட்டான்" என்றார். டீக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "இதுக்கு ஒரு வருஷம் ஆச்சு இவனுக்கு. சின்னதுலயே மெதுவாத்தான் நடப்பான்."

சரி, பூக் கதைக்கு வருகிறேன். ஒன்பதாம் தேதி சாயங்காலம் வானம் துடைத்துவிட்ட கண்ணாடி மாதிரி கிடந்தது. ஆட்டுத் தொட்டியில் தண்ணீர் மேல் மெல்லிய பனி ஓடு கட்ட ஆரம்பித்தது. தோட்டம் முழுக்கப் பூ. அய்தாரும் அவன் மச்சானும் எண்ணெய்க்கு அடியில் அடுப்பு வைத்தார்கள். உன் அண்ணன் விசிறியைச் சுற்றினார். பன்னிரண்டு பிடி என்று நீ எழுதியிருந்தாய், அவர் பதினாலு சுற்றினார், எண்ணிக்கையில் எனக்கு நம்பிக்கை இல்லை என்றார். ஐந்தாவது பிடியில் கெட்டியாகத் தடுத்தது. நீ சொன்ன மாதிரி கீழே பிளக்கைக் கழற்றினோம். ஒரு கிண்ணம் எண்ணெய் வந்தது, கறுப்பாக, பழைய தேன் மாதிரி.

விடிகிறதுக்கு முன்னால் எழுப்பினோம். முதலில் தும்மினான். பிறகு ஒரு பெரிய நீலப் புகை. பிறகு நான் அதற்குமுன் எத்தனையோ தடவை வெளியிலிருந்து கேட்ட சத்தம், இந்தத் தடவை என் தொடைக்கு அடியிலிருந்து வந்தது. உனக்கு இது பிடித்துப் போனதில் எனக்கு இப்போது ஆச்சரியமில்லை, போ.

உன் அண்ணன் நீ சொன்ன இடத்தில் இருந்து ஒரு விரல் காட்டினார். கால் பங்கு தள்ளினேன். கொஞ்ச நேரம் கழித்து, பழக்க தோஷம், இடது கையைத் தூக்கிவிட்டார். அதில் இருக்கிறதே மூன்று. எனக்கு மூன்றுக்குக் கணக்கு இல்லை. முக்காலா? மூன்று மடங்கா? நீ எழுதினது நினைவுக்கு வந்தது, குறைத்துவிட்டேன். அவர் தன் கையையே பார்த்தார், அப்புறம் அதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையில் ஒரு விரல் காட்டினார். அங்கிருந்தே சிரித்தார். அவர் பல் தெரிந்து நான் பார்த்துப் பல நாளாகிறது.

வேலி ஓரமாக ஊர் வந்து கத்தினது, கூட்டு, குறை, இந்தப் பக்கம் திருப்பு என்று. யார் வாயும் எனக்குத் தேவைப்படவில்லை. நானும் வாயே திறக்கவில்லை. இருபத்து நாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்று உன் அண்ணன் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வெயில் மேட்டுக்கு வரும்வரை ஓட்டினோம். முன் வரிசை மூன்றும் மொட்டை, பூவை எல்லாம் காற்று கழற்றிக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பின்னால் அறுபது வரிசையும் தப்பித்தது. பூவைக் கிள்ளி உள்ளே பார்த்தோம், பச்சையாக இருக்கிறது, கறுப்பு இல்லை. மரம் வெட்டப் போகிறேன் என்றவர்கள் இப்போது வேலியில் உட்கார்ந்து பழத்தைக் காயப்போடப் பாய் முடைகிறார்கள்.

இப்போது ஒரு கவலை. உன் அண்ணன் நேற்றுச் சாப்பிடும்போது சொன்னார்:

"மூணாவது சிலிண்டர்ல ஒரு சத்தம் வருது."

"என்ன சத்தம்? நான்தானே மேல உக்காந்திருந்தேன், எனக்குக் கேக்கலியே."

"உனக்கு என்ன தெரியும். கடக்கு கடக்குன்னு வருது. எனக்கும் பாக்கத் தெரியாது. அவனுக்குத்தான் தெரியும்."

"எழுதட்டுமா?"

"எழுதேன். சத்தம் இருக்குன்னு எழுது. அடுத்த வருஷத்துக்குள்ள பாக்கலேன்னா இன்ஜின் போயிரும்னு எழுது."

பெரிய மனுஷரே, அப்படி ஒரு சத்தம் இல்லை. ஓடும்போதும் கேட்டேன், ஆறின பிறகும் காதை வைத்துக் கேட்டேன். அய்தாரும் கேட்டான். மூன்றாவது சிலிண்டர் எது என்று உன் அண்ணனைக் காட்டச் சொன்னேன். ஒன்றைக் காட்டினார். இன்று காலை திரும்பக் கேட்டேன், வேறொன்றைக் காட்டினார்.

ஆனால் எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

தில்லாகான்


நாதிமுக்கு வடக்கே
ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் இன்று காலை கிடைத்தது.

மூன்றாவது சிலிண்டரில் சத்தம் என்றால் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வால்வு இடைவெளி கூடியிருக்கலாம். உள்ளே வளையம் தேய்ந்திருக்கலாம். வேறு ஏதாவதும் இருக்கலாம். கடிதத்தில் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லை, நேரில் காதை வைத்துத்தான் கேட்க வேண்டும்.

மதியம் ஒப்பந்தக் காகிதத்தை மேலதிகாரியிடம் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

"ஏன்?" என்றார்.

"ஊர்ல ஒரு இன்ஜின்ல சத்தம் வருதாம்."

"எந்த விமானம்?"

"விமானம் இல்ல. ஆப்ரிகாட் தோட்டம்."

பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பிறகு காகிதத்தை வாங்கிக்கொண்டார்.

மே எட்டாம் தேதி இங்கிருந்து ரயில். வந்து சேர ஆறு நாளாகும். அதுவரை யாரும் எதையும் கழற்ற வேண்டாம். அண்ணனிடம் சொல்லுங்கள்: காலையிலும் மாலையிலும் மேட்டுக்குப் போய், அந்தச் சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்று கவனித்து வைக்கட்டும். வந்ததும் முதலில் அவரிடம் அதைத்தான் கேட்பேன்.

எர்கேஷ்